தெருவுக்குத் தெரு வேறு காற்று: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர்கள் சிலரின் ஆய்வுகளைப் பற்றி எழுதியிருந்தோம். பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ஆப்டே, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் மார்ஷல், அவர்களோடு சேர்ந்து உழைத்தவர்கள் என எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் துரத்துகிறார்கள்: ஒரே ஊரில் யார் வீட்டு வாசலில் எந்தக் காற்று, அது ஏன் அப்படி? அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி ஆய்வைப் பற்றிக் கேட்கின்றன. மீதிப் பாதி, 'எங்கள் தெருவில் இதை எப்படி அளப்பது' என்று கேட்கின்றன. இரண்டுக்கும் இங்கே பதில் சொல்கிறோம்.

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் காரில் கருவி வைத்துக் காற்றை அளந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஓடுகிற காரில் இருந்து எடுத்த அளவை எப்படி நம்புவது? முன்னால் ஒரு லாரி போனால் எல்லாம் தப்பாகிவிடாதா? (மதுரை வாசகர்)

ஆகும். அதனால்தான் ஒரே தெருவில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 2015 மே முதல் ஓராண்டு, கூகுள் தெருக்காட்சிக் கார்கள் இரண்டில் ஆய்வகத் தரமுள்ள கருவிகளை ஏற்றி, ஓக்லாந்தில் சுமார் 30 சதுர கிலோமீட்டர் பரப்பின் ஒவ்வொரு தெருவையும் அளந்தார்கள். அளந்தவை மூன்று: நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, டீசல் புகையில் நிறைந்திருக்கும் கரித்துகள். முடிவுகள் 2017-ல் வெளியாயின.

தெருக்களை 30 மீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொண்டார்கள். கார் ஒரு துண்டைக் கடக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சராசரி. அப்படிப் பல நாள் சேர்ந்த சராசரிகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை அந்தத் துண்டின் அளவாக எடுத்தார்கள். லாரி முன்னால் போன நாளின் பெரிய எண் வரிசையின் ஓரத்துக்குப் போய்விடும். நடு எண்ணை அது அசைக்காது. கூட்டி வகுத்த சராசரியாக இருந்தால் அந்த ஒற்றை லாரி போதும், தெருவின் கணக்கே சாய்ந்துவிடும். வெவ்வேறு நாள்களில் பத்து இருபது முறை ஓட்டினாலே படம் நிலைத்துவிடுகிறது என்பதையும் காட்டினார்கள். கார் வாங்கப் பணமில்லாத நமக்கு இந்தக் கண்டுபிடிப்புதான் பெரியது.

கிடைத்த படத்தில், ஒரே தெருத்தொகுதிக்குள்ளேயே அளவுகள் 5 முதல் 8 மடங்கு வரை மாறின. எங்கோ கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒற்றை அரசு அளவீட்டு நிலையத்தின் எண்ணில் இது தெரியவே தெரியாது. இந்தப் படத்தை மருத்துவப் பதிவுகளோடு பொருத்தி, தெரு அளவிலான மாசுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை 2018-ல் இன்னொரு குழு ஆராய்ந்தது.

ஆப்டே இதற்கு முன் டெல்லியில் ஆட்டோவுக்குள் அளந்தவர். 2011-ல் வந்த அந்த ஆய்வில், ஓடும் ஆட்டோவின் உள்ளே நுண்துகள் சுற்றுப்புறத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. கரித்துகளோ 3.6 மடங்கு. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வேண்டியிருக்கும்.

1930-களில் வரைந்த வரைபடத்துக்கும் இன்றைய காற்றுக்கும் என்ன சம்பந்தம்? (கோயம்புத்தூர் வாசகர்)

அமெரிக்க மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று அப்போது நகரங்களின் குடியிருப்புகளை நான்காகத் தரம் பிரித்தது. ஏ பச்சை, பி நீலம், சி மஞ்சள், டி சிவப்பு. கறுப்பின மக்களும் புதிதாகக் குடியேறியவர்களும் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்புக்குள் விழுந்தன. சிவப்புக்குக் கடன் கிடைப்பது அரிது. கடன் இல்லாத இடத்தில் நிலம் மலிவு. மலிவான நிலத்தைத் தேடித்தான் பிற்பாடு நெடுஞ்சாலையும் கிடங்கும் தொழிற்சாலையும் வந்தன.

ஹேலி லேன், ரேச்சல் மொரெல்லோ-ஃப்ராஷ், மார்ஷல், ஆப்டே நால்வரும் 202 நகரங்களின் பழைய வரைபடங்களை 2010-ஆம் ஆண்டு மாசு அளவுகளின் மேல் வைத்துப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு: ஏ-யிலிருந்து டி-க்குப் படிப்படியாக மாசு ஏறுகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு ஏ பகுதியைவிட டி பகுதியில் 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம். பிஎம் 2.5-லும், அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளிலும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதே திசைதான், ஆனால் இடைவெளி சிறியது. காரணம், நுண்துகளில் பெரும்பங்கு வெகுதூரத்திலிருந்து மிதந்து வருவதும் காற்றிலேயே உருவாவதும். அது ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடும் கரித்துகளும் வண்டியின் புகைக்குழாயை ஒட்டியே நிற்பவை. டெல்லி ஆட்டோவில் பார்த்ததும் இதுதான். தெருவுக்குத் தெரு உள்ள ஏற்றத்தாழ்வைக் காட்ட நினைப்பவர் பிஎம் 2.5-ஐ மட்டும் அளந்துவிட்டு 'வித்தியாசமே இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஏழைகள் மலிவான இடத்தில் குடியிருக்கிறார்கள். இதில் இனம் எங்கே வந்தது? (திருச்சி வாசகர்)

கிறிஸ்டோபர் டெஸ்ஸம் முதலானோரின் 2021 ஆய்வு இதையே சோதித்தது. எந்த வருமானப் படியை எடுத்தாலும் வெள்ளையர் அல்லாதவர்கள் அதிக நுண்துகளைச் சுவாசிக்கிறார்கள். ஏதோ ஒரு தொழிற்சாலை வகை மட்டும் இதற்குக் காரணமல்ல, பெரும்பாலான மாசு மூலங்கள் எல்லாமே அந்தப் பக்கம் சாய்கின்றன. இதே குழுவின் 2019 கணக்கு இன்னும் கூர்மையானது. தாங்கள் வாங்கிப் பயன்படுத்தும் பொருள்களால் உண்டாகும் மாசைவிடக் கறுப்பினத்தவர் 56 சதவீதமும், ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) 63 சதவீதமும் அதிகமாகச் சுவாசிக்கிறார்கள். வெள்ளையர் 17 சதவீதம் குறைவாக. வாங்குவது ஒருவர், இருமுவது இன்னொருவர்.

இந்த எண்களை அப்படியே எடுத்து நம் ஊருக்குப் போட முடியாது. முறையை எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடியில் தினமும் கறுப்பாகப் படிகிறது. செயலியைத் திறந்தால் காற்றின் தரம் 'திருப்தி' என்கிறது. எது பொய்? (எண்ணூர் வாசகர்)

இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

முதல் விஷயம், சராசரி. நம் நாட்டுக் காற்றுத்தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுகிறது. உங்கள் தெருவில் இரவு ஆறு மணி நேரம் பிஎம் 2.5 அளவு கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம், மீதி 18 மணி நேரம் 30 என்று வையுங்கள். 900-ம் 540-ம் சேர்ந்து 1,440. அதை 24-ஆல் வகுத்தால் 60. அரசின் 24 மணி நேர வரம்பும் 60 தான். குறியீடு சரியாக 100, அதாவது 'திருப்தி'. குழந்தை மூச்சு வாங்கிய அந்த ஆறு மணி நேரம் எண்ணுக்குள் கரைந்துவிட்டது. ஆகவே குறியீட்டை விட்டுவிட்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மணிவாரி அளவை இறக்கிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த 24 மணி நேர வழிகாட்டு அளவு 15 என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இடம். மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரம் என்று வடசென்னையில் நிலையங்கள் இருக்கின்றன. அவை நிற்கும் இடத்தின் காற்றைத்தான் அவை சொல்லும்.

மூன்றாவதுதான் உங்கள் மூடியில் இருப்பது. கண்ணுக்குத் தெரியும்படி படிகிற தூசு பெரும்பாலும் 10 மைக்ரானைவிடப் பெரியது. பிஎம் 2.5, பிஎம் 10 இரண்டிலும் அது சேராது. அதற்கு அளவை வேறு. 15 செ.மீ. வாய் அகலமுள்ள, நேரான சுவர் கொண்ட ஜாடியை மொட்டைமாடியில் ஆளுயரத்துக்கு மேல், சுவரும் மரமும் மறைக்காமல் 30 நாள் வையுங்கள். விளிம்பைச் சுற்றிக் கம்பி கட்டுங்கள், இல்லையென்றால் காகம் உட்கார்ந்து கெடுத்துவிடும். உள்ளே காய்ச்சி வடித்த தண்ணீர் கொஞ்சம் இருந்தால் விழுந்த தூசு மறுபடி பறக்காது. மாதக் கடைசியில் வடிகட்டி, உலர்த்தி, கல்லூரி ஆய்வகத் தராசில் எடை போட வேண்டும். வாயின் பரப்பு 0.0177 சதுர மீட்டர். 0.2 கிராம் கிடைத்தால், மாதத்துக்குச் சதுர மீட்டருக்கு 11.3 கிராம் படிகிறது என்று பொருள்.

அந்தத் தூசில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தகட்டில் போட்டுப் பள்ளிக்கூட நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் உருகிக் குளிர்ந்தது, ஆகவே கண்ணாடிக் கோலிகுண்டு போல உருண்டை உருண்டையாக இருக்கும். எரியாத நிலக்கரித் தூள் கறுப்பாக, முனை உடைந்த சில்லுகளாக இருக்கும். சாலை மண் ஒழுங்கற்ற, ஒளி ஊடுருவும் பழுப்புத் துண்டுகள். முதலாவது புகைபோக்கியையோ சாம்பல் குளத்தையோ கைகாட்டுகிறது. இரண்டாவது நிலக்கரி இறக்கும் இடத்தை, மூடாத லாரியை. யாரிடம் போய்க் கேட்பது என்பதே இதில்தான் முடிவாகிறது.

தெருவில் நாங்களே சென்சார் வைக்கலாம் என்று நினைக்கிறோம். என்னென்ன வாங்க வேண்டும்? (திருவொற்றியூர் இளைஞர் மன்றம்)

ஒரு பெட்டிக்கு: பிளான்டவர் பிஎம்எஸ் 5003 துகள் சென்சார் ஒன்று, எண்களை வாங்கிப் பதிய இஎஸ்பி 32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, ஈரப்பதமும் வெப்பமும் அளக்க எஸ்எச்டி 31 ஒன்று, நேரம் காக்க டிஎஸ் 3231 கடிகாரப் பலகை, நினைவு அட்டையும் அதற்கான பலகையும், நல்ல 5 வோல்ட் சார்ஜர் ஒன்று. உறைக்கு 75 மி.மீ. பிவிசி முழங்கைக் குழாய் இரண்டு போதும். இரண்டையும் ஒன்றில் ஒன்று செருகி, திறந்த வாய்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் மழை உள்ளே வராது. சென்சாரின் விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும். தரவுக் கம்பிகள் 3.3 வோல்ட், இஎஸ்பி பலகையில் நேராகச் சேர்க்கலாம். காற்று உள்ளே போகும் துளையும் வெளியே வரும் துளையும் அடுத்தடுத்து இருப்பதால், வெளியேற்றியதையே மறுபடி இழுக்காதபடி நடுவில் ஒரு சிறு தடுப்பு ஒட்டுங்கள். குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள். சிலந்தி கூடு கட்டினால் எண் சட்டென்று ஏறி அங்கேயே நிற்கும், அதை மாசு என்று நினைத்துவிடுவோம்.

உயரம் இரண்டு முதல் மூன்று மீட்டர். அடுப்பங்கரைச் சன்னல், டீக்கடை, ஏசி வெளியேற்றி, குப்பை எரிக்கும் மூலை, சாம்பிராணி போடும் வாசல் ஆகியவற்றிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். நேர்வெயில் படக் கூடாது.

மூன்று பெட்டிக்குக் குறைந்து தொடங்காதீர்கள். லாரி போகும் சாலை ஓரத்தில் ஒன்று, அதிலிருந்து 200 முதல் 300 மீட்டர் உள்ளே ஒன்று, காற்று வரும் பக்கத்தில் ஊருக்கு வெளியே ஒன்று. ஒற்றைப் பெட்டி தரும் எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது.

இனி எல்லாரும் தாண்டிப் போகும் படி. தெருவில் மாட்டுவதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் ஒரே மொட்டைமாடியில் பக்கம் பக்கமாக ஒரு வாரம் ஓடவிடுங்கள். மணிவாரிச் சராசரியில் மற்றவற்றிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகும் பெட்டியை ஒதுக்குங்கள். பிறகு அனுமதி வாங்கி, அரசு நிலையத்துக்கு 20 மீட்டருக்குள் குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அருகிலுள்ள மாடி. அது பலவீனமான ஒப்பீடு என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். நிலைய எண்ணைக் குத்து அச்சிலும் உங்கள் எண்ணைக் கிடை அச்சிலும் போட்டுக் கோடு வரைந்தால் உங்கள் திருத்தச் சூத்திரம் கிடைக்கும். வெயில் காலத்துக்கு ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு ஒன்று என இரண்டு தடவை இதைச் செய்ய வேண்டும்.

தரவில் அடிக்கடி நடக்கும் தப்பு நேரத்தில்தான். பல கருவிகளும் இணையச் சேவைகளும் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. ஐந்தரை மணி நேரம் கூட்டாமல் விட்டால் இரவு 11 மணியின் உச்சம் மாலை ஐந்தரைக்கு வந்து நிற்கும். இரவு வேலை நடக்கும் ஆலையை விட்டுவிட்டு மாலைப் போக்குவரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். உங்கள் ஊரில் நேரம் எல்லாவற்றையும்விட முக்கியம். பகலில் கடற்காற்று மாசை உள்நாட்டுப் பக்கம் தள்ளும். இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கித் திரும்பும். மணலி உங்களுக்கு மேற்கே இருக்கிறது.

விடியற்காலையில் எங்கள் சென்சார் 150 காட்டுகிறது, பத்து மணிக்கு 40. கடற்கரை ஊரில் அதிகாலையில் அவ்வளவு புகை எங்கிருந்து வரும்? (தூத்துக்குடி வாசகர்)

கொஞ்சம் புகை, நிறையத் தண்ணீர். இந்த சென்சார் துகளை எடை போடுவதில்லை. லேசர் ஒளியைப் பாய்ச்சி, துகள் எவ்வளவு சிதறடிக்கிறது என்று பார்த்து எடையை ஊகிக்கிறது. ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் கடல் உப்புத் துகள் தண்ணீரை உறிஞ்சிக் கரைந்து ஊதிவிடும். ஊதிய துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும், சென்சார் அதை மாசு என்று கணக்குப் போடும். அரசு நிலையக் கருவி காற்றைச் சூடாக்கி உலர்த்தியபின் அளப்பதால் இந்தச் சிக்கல் அங்கே குறைவு.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இந்த வகை சென்சார் உள்ள பர்பிள்ஏர் கருவிகளுக்கு ஒரு திருத்தம் வைத்திருக்கிறது: சென்சார் எண்ணை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கி அதிலிருந்து கழித்து, 5.75 கூட்ட வேண்டும். சென்சார் 80, ஈரப்பதம் 80 என்றால் 41.9-லிருந்து 6.9 போக, 5.75 சேர, சுமார் 41. பாதிக்குப் பாதி இறங்குகிறது பாருங்கள். சென்சார் இரண்டு வகை எண் தரும். இந்தச் சூத்திரத்துக்கு 'சிஎஃப் 1' என்று குறித்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். சூத்திரம் அங்குள்ள காற்றுக்குச் செய்தது, உப்புக் காற்றுக்கு அல்ல. உங்கள் ஊர் நிலையத்தின் பக்கத்தில் வைத்து நீங்களே கண்டுபிடிக்கும் எண்தான் உங்களுக்குப் பொருந்தும். அதுவரை ஈரப்பதம் 85-க்கு மேல் உள்ள மணி நேரங்களைத் தனி நிறத்தில் குறித்து வையுங்கள், அழிக்க வேண்டாம்.

இதே சென்சார் மறுபக்கமும் தவறும். பிஎம் 10 என்று அது காட்டுவது பெரும்பாலும் ஊகம். பெரிய தூசு அதன் சின்ன விசிறிக்கு வசப்படாது. லாரியின் டீசல் புகையில் உள்ள 0.3 மைக்ரானுக்குக் கீழான துகளும் அதன் கண்ணில் படாது.

கல்லூரித் திட்டத்துக்காக நடந்தே அளக்க நினைக்கிறோம். ஓக்லாந்து முறையைக் காலால் செய்ய முடியுமா? (சென்னை மாணவி)

முடியும். சாதாரண நடை மணிக்கு 4.5 கிலோமீட்டர், வினாடிக்கு 1.25 மீட்டர். 30 மீட்டர் துண்டைக் கடக்க 24 வினாடி. ஐந்து வினாடிக்கு ஒரு பதிவு என்று வைத்தால் ஒரு துண்டுக்கு நான்கைந்து எண் கிடைக்கும். கருவியைப் பையின் தோள்பட்டையில், மூக்கு உயரத்தில், துளை முன்பக்கம் பார்க்க மாட்டுங்கள். ஒரு பாதைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் பரவிய 15 நாள் நடங்கள்.

இதைப் பாழாக்குவது ஒன்றே ஒன்று. தினமும் ஒரே வரிசையில் நடப்பது. துறைமுகச் சாலையைக் காலை எட்டுக்கும் பூங்காத் தெருவை ஒன்பதுக்கும் அளந்தால், நீங்கள் பார்ப்பது தெரு வித்தியாசமா, நேர வித்தியாசமா? வெயில் ஏற ஏற மாசு மேலே கலந்து குறைந்துகொண்டே போகும், கடைசியில் நடந்த தெருதான் சுத்தம் என்று தோன்றும். ஒருநாள் முன்னிருந்து, மறுநாள் பின்னிருந்து நடங்கள். இன்னொரு பெட்டியை ஓரிடத்தில் அசையாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அந்த நிமிடத்தின் நிலையான பெட்டி எண்ணைக் கழியுங்கள். மிஞ்சுவது தெருவின் சொந்தப் பங்கு.

கரித்துகளை அளக்கும் கைக்கருவி பல லட்ச ரூபாய். துறைத்தலைவர் மூலம் இரவல் கேட்டுப் பாருங்கள், கேட்பது வீண்போகாது. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் காரில் கருவி ஏற்றி இதே முறையில் தெருவாரியாகக் கரித்துகள் அளந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுக் குழுவில் மார்ஷலும் ஆப்டேவும் உண்டு.

2023 டிசம்பர் 26 இரவு அம்மோனியா கசிந்தபோது ஊரே ஓடியது. பக்கத்துத் தெரு சென்சாரில் ஒரு அசைவும் இல்லையே! (எண்ணூர், இன்னொரு வாசகர்)

துகள் சென்சாருக்கு வாயு தெரியாது. அம்மோனியா, கந்தக வாயு, பென்சீன் எதுவும் அதன் லேசரை மறிக்காது. 'சென்சார் பச்சையாக இருக்கிறது' என்று சொல்லி யாராவது கதவைத் திறக்கச் சொன்னால் கேட்காதீர்கள். நெடி வந்தால் காற்றுக்குக் குறுக்கே விலகுங்கள், ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும்.

வாயுவைப் பிடிக்க மக்கள் கண்டுபிடித்த எளிய கருவி வாளி. 1990-களின் நடுவில் ஓக்லாந்துக்கு வடக்கே கான்ட்ரா கோஸ்டா வட்டாரத்தில், சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் இருந்தவர்களுக்காக உருவானது. 2004-ல் கடலூர் சிப்காட் கிராமத்து மக்கள் அதே வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, காற்றுப் புகாத மூடி. மூடியின் உள்பக்கம் டெட்லர் என்ற, வாயுவோடு வினைபுரியாத பை. பையின் வாய் மூடி வழியாக வெளிக்காற்றுக்குத் திறக்கும். மூடியில் இன்னொரு துளையில் சிறு உறிஞ்சி. உறிஞ்சி வாளிக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும்போது, வெற்றிடத்தை நிரப்பப் பை தானாக ஊதும். நெடிக் காற்று உறிஞ்சியைத் தொடாமலே பைக்குள் வந்துவிடுகிறது. உறிஞ்சியின் எண்ணெயும் ரப்பரும் மாதிரியைக் கெடுக்காது. இதுதான் அதன் அழகு.

கெடுப்பவை மூன்று. நெடி போனபின் எடுப்பது. பையை நிரப்பிவிட்டு வெயிலில் வைப்பது. தாமதம்: கந்தகச் சேர்மங்கள் பையிலேயே சிதையும், 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். எடுத்த நேரம், இடம், காற்றுத் திசை, எடுத்தவர், கைமாறியவர் எல்லாரின் கையொப்பமும் ஒரே தாளில் இருக்கட்டும். பை ஆய்வகத்துக்கு வரும்போது அந்தத் தாளும் அதோடு வர வேண்டும்.

'ஏற்றத்தாழ்வு இவ்வளவு' என்று ஒரே எண்ணாக எப்படிச் சொல்வது? (சேலம் ஆசிரியர்)

மக்கள்தொகையால் எடையிட்ட சராசரி. வகுப்பில் போட ஓர் உதாரணக் கணக்கு. ஊரில் மூன்று பகுதி: சாலையோரம் 70 மைக்ரோகிராம், நடுப்பகுதி 50, தோட்டப் பகுதி 30. முதல் பிரிவு மக்கள் 18,000 பேர். முறையே 8,000, 9,000, 1,000 என்று வாழ்கிறார்கள். இரண்டாம் பிரிவு 22,000 பேர். 2,000, 11,000, 9,000. ஒவ்வொரு பகுதியின் அளவை அங்குள்ள ஆள்களால் பெருக்கிக் கூட்டி, அந்தப் பிரிவின் மொத்த ஆள்களால் வகுங்கள். முதல் பிரிவுக்கு 57.8, இரண்டாவதற்கு 43.6. ஊர்ச் சராசரி 50. வித்தியாசம் 14, அதாவது முதல் பிரிவு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுவாசிக்கிறது. ஊர்ச் சராசரியை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது.

மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பின் வார்டுவாரி அட்டவணை உதவும். பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை அதில் உண்டு. வருமானம் கிடையாது. ஆனால் வீட்டுப் பட்டியல் அட்டவணையில் சமையல் எரிபொருள், வீட்டுச் சொத்து இருக்கின்றன. சென்னைக்காரர்கள் கவனிக்க: அந்தக் கணக்கெடுப்பில் சென்னை பழைய எல்லையோடுதான் இருக்கிறது. எண்ணூர் அடங்கிய கத்திவாக்கம் அப்போது திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சியாகப் பதிவாகியிருக்கிறது. இன்றைய 200 வார்டு வரைபடத்தை அதன்மேல் நேராக ஒட்டினால் ஆள்கள் இடம் மாறிவிடுவார்கள், அதுவும் நாம் தேடுகிற ஆள்களே காணாமல் போவார்கள்.

நாங்கள் எடுத்த அளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்குமா? (கடலூர் வாசகர்)

சாட்சியமாக ஏற்காது. 1981 காற்றுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி வாரிய அலுவலர் முறைப்படி எடுத்த மாதிரிதான் நீதிமன்றத்தில் நிற்கும். உங்கள் அளவின் வேலை, அவரை எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்று காட்டுவது. 'மாசு அதிகம்' என்று மனு எழுதினால் பகல் பதினோரு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 'கடந்த 21 இரவுகளில் 16-ல், 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில், மேற்குக் காற்றின்போது' என்று எழுதினால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. கூடவே பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, ஆலைக்குத் தந்த இசைவாணையின் நிபந்தனைகளையும் புகைபோக்கியில் பொருத்திய தொடர் கண்காணிப்புக் கருவியின் பதிவுகளையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிவில் கருவி 'பழுது' என்று குறித்த நேரங்களை உங்கள் உச்ச நேரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ் போவதானால் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், நாள் தவறாதீர்கள்.

வீட்டுக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா? (சென்னை வாசகர்)

கதவு சன்னல் அடைக்கும் அறை என்றால் வாங்கலாம். 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி: 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற வேண்டுமானால் மணிக்கு 170 கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் கருவி தேவை. அட்டையில் அந்த எண்ணைப் பாருங்கள். ஓட்டு வீட்டிலும் சன்னலை அடைக்க முடியாத வீட்டிலும் காசு வீண்.

ஆய்வுக்குப் பிறகு ஓக்லாந்தில் ஏதாவது மாறியதா? (புதுச்சேரி வாசகர்)

மேற்கு ஓக்லாந்தின் கதை ஆய்வுக்கு முன்பே தொடங்குகிறது. 1957-ல் அந்தக் கறுப்பினக் குடியிருப்பை இரண்டாகப் பிளந்து சைப்ரஸ் என்ற இரண்டடுக்கு நெடுஞ்சாலை கட்டினார்கள். 1989 நிலநடுக்கத்தில் அது இடிந்து 42 பேர் இறந்தனர். அதே இடத்தில் மறுபடி கட்டக் கூடாது என்று மக்கள் நின்றார்கள். 1990-களின் இறுதியில் புதிய சாலை சுற்றுப்பாதையில் போனது, பழைய தடத்தில் மரங்களோடு மண்டேலா பார்க்வே வந்தது. லாரிச் சிக்கல் அதோடு தீரவில்லை. ஓக்லாந்தின் மேட்டுப் பகுதியை ஒட்டிப் போகும் 580-ஆம் சாலையில் 4.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குப் பல பத்தாண்டுகளாகத் தடை. அதனால் துறைமுக லாரிகள் எல்லாம் கீழே 880-ஆம் சாலையில். 2017-ல் கலிபோர்னியா சமூகக் காற்றுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மேற்கு ஓக்லாந்து மக்களும் வட்டாரக் காற்று வாரியமும் சேர்ந்து எழுதிய செயல்திட்டம் 2019-ல் ஏற்கப்பட்டது.

பெர்க்லியின் ரீகன் பேட்டர்சனும் பேராசிரியர் ராபர்ட் ஹார்லியும் பழைய நெடுஞ்சாலைத் தடத்தை 2019-ல் ஆராய்ந்தார்கள். சாலை விலகியதால் மண்டேலா பார்க்வேயில் நைட்ரஜன் ஆக்சைடுகள் 38 சதவீதமும் கரித்துகள் 25 சதவீதமும் குறைந்திருந்தன. கூடவே வீட்டு விலை ஏறியது, கறுப்பின மக்களின் பங்கு 28 சதவீதம் சரிந்தது. சாலை வேண்டாம் என்று போராடியவர்களில் பலர் அந்தக் காற்றைச் சுவாசிக்க அங்கே இல்லை. உங்கள் தெருவை அளக்கத் தொடங்கும் நாளில், எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், வாடகை எவ்வளவு என்பதையும் அதே நோட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பத்தியையும் திரும்ப நிரப்புங்கள்.